மன்னார் வீதியில் ஒரு பல்கலைக்கழகம்: உள்ளே நடக்கும் வேலை

வவுனியா பல்கலைக்கழகம் வவுனியா–மன்னார் வீதியில், பம்பைமடுவில் இருக்கிறது. மன்னார் மாவட்டத்து மடுப் பகுதி மக்களுக்கு மிகக் கிட்டிய அரச பல்கலைக்கழகம் இதுதான். பறயனாலங்குளம், செட்டிகுளம் வழியாகக் காலையில் வரும் பஸ் வளாக வாசலில் நிற்கும்போது மாணவர்கள் மட்டும் இறங்குவதில்லை. விரிவுரையாளர், முகாமைத்துவ உதவியாளர், ஆய்வுகூட உதவியாளர், நூலக உதவியாளர், காவலாளி, மின்னிணைப்பாளர், தோட்ட வேலையாள் என்று ஒரு சிறுபட்டினத்தை நடத்தத் தேவையான அத்தனை பேரும் இறங்குகிறார்கள். வெளியே நிற்பவர் கண்ணுக்குப் பல்கலைக்கழகம் என்றால் படிக்கிறவரும் படிப்பிக்கிறவரும்தான். உள்ளே வேலை செய்கிறவருக்கோ அது இரண்டு மணிக்கூடுகள் ஓடும் இடம். ஒன்று தவணையின் மணிக்கூடு; அது யாருக்காகவும் நிற்காது. மற்றது கோப்பின் மணிக்கூடு. அது யாருக்காகவும் விரையாது. இந்த இரண்டுக்கும் நடுவே நாளைக் கழிப்பதுதான் அரச பல்கலைக்கழக வேலை.

ஒரே சட்டம், பல வளாகங்கள்

1942 ஜூலை 1ஆம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது நாடு முழுவதற்கும் அது ஒன்றுதான். ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதல் துணைவேந்தர். வடக்குக்கு உயர்கல்வி நிறுவனம் வர மேலும் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் காணியிலும் கட்டடங்களிலும் 1974 ஒக்டோபர் 6ஆம் திகதி யாழ்ப்பாண வளாகம் திறந்துவைக்கப்பட்டது. விஞ்ஞான வகுப்புகள் முதலில் வட்டுக்கோட்டையில் நடந்தன. பேராசிரியர் க. கைலாசபதி வளாகத்தின் முதல் தலைவர். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் வந்தபின், 1979 ஜனவரி 1 முதல் அது தனித்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாகியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதல் துணைவேந்தரானார்.

வவுனியாவின் கதை இதிலிருந்து கிளைத்தது. 1991இல் வட மாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி நாட்டின் பதினேழாவது அரச பல்கலைக்கழகமாக நிமிர்ந்தது. பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழினுட்பக் கற்கைகள் என அதற்கு மூன்று பீடங்கள் உள்ளன.

பேராதனையோ கொழும்போ பம்பைமடுவோ, எல்லாம் அதே 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் இயங்குகின்றன. பதவிப் பெயர், சம்பளத் திட்டம், லீவு, பதவியுயர்வு எல்லாவற்றையும் கொழும்பிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கைகள் தீர்மானிக்கின்றன. நீண்டகாலம் பதிவாளர் அலுவலகத்தில் இருந்தவர்கள் சுற்றறிக்கைகளை அவற்றின் இலக்கத்தாலேயே பேசிக்கொள்வார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு அது புரியாத பாஷை. இரண்டு ஆண்டில் அவரும் அதையே பேசுவார்.

உள்ளே அதிகாரம் மூன்று சபைகளில் பிரிந்திருக்கிறது. பணம், நியமனம், காணி, கட்டடம் எல்லாம் பேரவையின் பொறுப்பு. அதில் ஆணைக்குழு நியமிக்கும் வெளி உறுப்பினர்களும் இருப்பார்கள். பாடத்திட்டம், பரீட்சை, பட்டம் ஆகியவை மூதவையின் பொறுப்பு. ஒவ்வொரு பீடத்துக்கும் ஒரு பீடச் சபை உண்டு. மாணவர் பிரதிநிதிகள் இருவர் அதில் அமர்வார்கள். துணைவேந்தரை, பேரவை பரிந்துரைக்கும் மூவரிலிருந்து ஜனாதிபதி மூன்று ஆண்டுக்கு நியமிக்கிறார். பீடாதிபதியைப் பீடச் சபையினர் தெரிவு செய்கிறார்கள். துறைத் தலைவர் பதவியும் மூன்று ஆண்டுதான். இதனால் இன்று தலைவராக இருந்து ஒருவரின் லீவுக் கடிதத்தில் கையெழுத்திடுபவர், நாளை அவருக்கே லீவுக் கடிதம் கொடுக்க வேண்டி வரலாம். பதவிகள் இப்படி மாறி மாறி வருவதால் அதட்டிப் பேசும் வழக்கம் குறைவு. மனத்தாங்கல்கள் நெடுங்காலம் நினைவிருப்பதும் அதனாலேயே.

உள்ளே வரும் வழி

விரிவுரையாளராகும் பாதை பெரும்பாலும் அதே துறையின் மாணவர் வாங்கிலேயே தொடங்குகிறது. சிறப்புப் பட்டத்தில் முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ பெற்றவர் முதலில் செய்முறை விளக்குநராகவோ தற்காலிக உதவி விரிவுரையாளராகவோ ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்வார். போன வருடம் ‘சேர்’ என்று கூப்பிட்டவரோடு இந்த வருடம் ஒரே அறையில் மேசை. கூப்பிடும் பெயர் மட்டும் மாறாது. துறையிலேயே பேராசிரியரானாலும் தன் ஆசிரியரை ஒருவர் கடைசிவரை ‘சேர்’, ‘மிஸ்’ என்றுதான் அழைப்பார்.

நிரந்தர இடம் பத்திரிகை விளம்பரத்தின் மூலம் நிரப்பப்படும். தெரிவான இளம் பட்டதாரி தகுதிகாண் விரிவுரையாளர் ஆவார். குறித்த காலத்துக்குள் முதுநிலைப் பட்டம் பெற்றால்தான் பதவி உறுதியாகும். அதற்காகச் சம்பளத்துடன் கல்வி லீவு கிடைக்கும். பலர் வெளிநாட்டுக்குப் போய்க் கலாநிதிப் பட்டம் பெறுகிறார்கள். போகுமுன் பிணை ஒப்பந்தம் எழுத வேண்டும். திரும்பி வந்து இத்தனை ஆண்டு சேவை செய்வேன், தவறினால் பணம் கட்டுவேன் என்பது அதன் சாரம். பிணையாளிகளாகப் பெரும்பாலும் உறவினரோ சக ஊழியரோ கையெழுத்திடுவார்கள். போனவர் திரும்பாவிட்டால் கடிதங்கள் அவர்கள் வீட்டுக்குத்தான் வரும். அதனால் பிணைக்குக் கையெழுத்துக் கேட்பது வடபுலத்தில் கலியாணப் பேச்சுக்கு ஈடான விஷயம்.

கல்விசாரா ஊழியருக்கு வேறு வாசல். முகாமைத்துவ உதவியாளர் பரீட்சை எழுதி வரவேண்டும். ஆய்வுகூட உதவியாளர், சாரதி, தொழிலாளர் போன்றோர் நேர்முகத் தேர்வின் வழி சேர்வார்கள். எத்தனை இடம் உண்டு என்பதைத் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் அனுமதிக்க வேண்டும். ஒருவர் ஓய்வுபெற்றவுடன் அந்த நாற்காலி நிரம்பிவிடாது. புதிய ஆட்சேர்ப்புக்கு அனுமதி கிடைக்கும்வரை பக்கத்து மேசைக்காரர் இரண்டு வேலை பார்ப்பார்; சில வேளை அது ஆண்டுக்கணக்கில் நீளும்.

ஒரு சொல்லுக்கு மூன்று பெயர்

கற்பித்தல் இப்போது திறமைப் புள்ளிகளால் அளக்கப்படுகிறது. ஒரு புள்ளிக்குப் பதினைந்து மணி நேர விரிவுரை என்பது கணக்கு. நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்துக்குக் குறைந்தது 120 புள்ளிகள் வேண்டும். வாரத்துக்கு எட்டோ பத்தோ மணி நேரம்தான் வகுப்பு என்றால் வெளியார் புருவத்தை உயர்த்துவார்கள். புதிதாகத் தொடங்கும் ஒரு பாடத்தின் ஒரு மணி நேர விரிவுரைக்குப் பின்னால் பல மணி நேர ஆயத்தம் இருக்கிறது. நேரசூசியில் அதற்குக் கட்டம் கிடையாது.

வடக்கில் இதன்மேல் மொழிச் சுமையும் சேர்கிறது. யாழ்ப்பாணத்தில் கலைப்பீடப் பாடங்கள் பல தமிழில் நடக்கின்றன. விஞ்ஞானமும் மருத்துவமும் ஆங்கிலத்தில். பம்பைமடுவில் போதனை மொழி ஆங்கிலம். ஆனால் வாங்கில் இருப்பவர்கள் உயர்தரம்வரை தமிழிலோ சிங்களத்திலோ படித்து வந்தவர்கள். உள்நாட்டுப் போருக்குப் பின்னர் தெற்கிலிருந்து வரும் சிங்கள மாணவரும், எல்லாப் பக்கங்களிலிருந்தும் வரும் முஸ்லிம் மாணவரும் தமிழ் மாணவருடன் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள்.

புள்ளிவிபரவியல் முதல் வகுப்பை எடுத்துக்கொள்ளலாம். ‘ஸ்டாண்டர்ட் டீவியேஷன்’ என்று பலகையில் ஆங்கிலத்தில் எழுதியவுடன் ஒரு பக்கம் ‘நியம விலகல்’ என்று முணுமுணுக்கும். மறுபக்கம் ‘சம்மத அபகமனய’ என்று தலையசைக்கும். கருத்து இரு பக்கத்துக்கும் முன்பே தெரிந்ததுதான், பெயர்தான் புதிது. இதே சொல்லுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘திட்டவிலக்கம்’ என்று இருக்கும். அனுபவமுள்ள விரிவுரையாளர் முதல் சில வாரங்களுக்கு வேகத்தைக் குறைத்து, வாக்கியத்தை எளிதாக்கி, படத்தைப் பெரிதாக வரைவார். வகுப்பு முடிந்தபின் தாழ்வாரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். தமிழ்ப் பிள்ளை தமிழில் கேட்கும். சிங்களப் பிள்ளை அரை ஆங்கிலத்தில் தொடங்கும். பக்கத்தில் நிற்கும் முஸ்லிம் மாணவர் மிச்சத்தை மொழிபெயர்த்துச் சொல்வார்.

விடைத்தாளின் பயணம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 முதல் கைக்கொண்ட முறையில் இணைப்புக் கல்லூரியில் ஒருவர் படிப்பிக்க, பரீட்சையைப் பல்கலைக்கழகம் நடத்தும். இலங்கையில் உள்வாரி மாணவருக்குப் படிப்பித்தவரே வினாத்தாள் எழுதுகிறார், அவரே திருத்துகிறார். இது பெரிய சுதந்திரம். அந்தச் சுதந்திரத்துக்குக் கட்டுப்பாடாகத்தான் பரீட்சை முறை இத்தனை படிகளோடு அமைந்திருக்கிறது.

வினாத்தாளை எழுதியவர் அதை மாதிரி விடைகளுடன் இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும். அவர் வினா தெளிவாக இருக்கிறதா, புள்ளிப் பகிர்வு சரியா என்று பார்த்துத் திருத்தம் சொல்வார். பின்னர் அச்சு, எண்ணிக்கை, முத்திரை. பரீட்சை நாளில் உறை மண்டபத்தில் மாணவர் முன்னிலையில் திறக்கப்படும். மேற்பார்வைக்கு வரும் விரிவுரையாளருக்கு மூன்று மணி நேரம் நடப்பதுதான் வேலை. விடைத்தாளில் பெயர் இருக்காது, சுட்டெண் மட்டும்தான். முதற் பரீட்சகர் திருத்தியபின் தாள் இரண்டாம் பரீட்சகரிடம் போகும். இருவர் புள்ளியும் வெகுவாக வேறுபட்டால் பேசித் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் மூன்றாமவர் வருவார். கடைசியில் பெறுபேறுகளுக்கான சபை கூடி ஒவ்வொரு சுட்டெண்ணாகப் பார்த்து முடிவு செய்யும். வருகை 80 வீதத்துக்குக் குறைந்தவர், மருத்துவச் சான்றிதழ் கொடுத்தவர், மீளப் பரீட்சை எழுதியவர் ஒவ்வொருவரும் அங்கே தனி விவாதம்.

இருநூறு பேர் எழுதிய பாடம் என்றால் இருநூறு கட்டுரைத் தொகுதிகள். வகுப்பு நடக்கும் நாள்களில் தாள்களைத் தொட முடியாது. எனவே விரிவுரையாளர் வீடுகளில் விடுமுறை என்பது சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் கட்டு அவிழும் காலம். பெறுபேறு பிந்தினால் முதலில் பாதிக்கப்படுவது வேலைக்கு விண்ணப்பிக்கக் காத்திருக்கும் மாணவர்தான். அதனால் பரீட்சைக் கிளையில் வேலை செய்யும் எழுதுவினைஞர் ஒருவர் நாளில் பாதியைக் கருமபீடத்தின் முன்னால் நிற்கும் பிள்ளைகளுக்குப் பதில் சொல்வதில் கழிக்கிறார். மாணவர் மனத்தில் பல்கலைக்கழகத்தின் முகமாகப் பதிவது பல வேளைகளில் துணைவேந்தர் அல்ல, இந்த ஊழியர்தான்.

நுணுக்குக்காட்டியும் கோப்பும்

உயிரியல் ஆய்வுகூடத்துக்கு ஒரு நுணுக்குக்காட்டி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடையில் அது அரைநாள் வேலை. பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவர் தேவையை எழுத்தில் கேட்க வேண்டும். பீடாதிபதி பரிந்துரைப்பார். இந்த ஆண்டு ஒதுக்கீட்டில் இடம் உண்டா என்று நிதியாளர் பிரிவு பார்க்கும். வழங்கல் கிளை விலை கோரும். வந்த விலைகளைத் தொழினுட்ப மதிப்பீட்டுக் குழு ஒப்பிடும். அந்தக் குழுவில் இருப்பவரும் வகுப்பு எடுத்துவிட்டு ஓடி வந்த ஒரு விரிவுரையாளர்தான். கொள்வனவுக் குழு அனுமதித்தபின் கட்டளை போகும். பொருள் வந்ததும் களஞ்சியத்தில் பதிந்து, இலக்கம் எழுதி, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டால்தான் பணம் போகும். இத்தனையும் டிசம்பர் 31க்கு முன் முடிய வேண்டும். தவறினால் ஒதுக்கீடு அந்த ஆண்டோடு போய்விடும். ஜனவரியில் மறுபடி முதல் கடிதம்.

இந்தச் சுணக்கத்தைச் சபிக்காத விரிவுரையாளர் இல்லை. ஆனால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. செலவாவது பொதுப் பணம். கணக்காய்வாளர் நாயகத்தின் உத்தியோகத்தர்கள் ஆண்டுதோறும் கோப்புகளைப் புரட்டுவார்கள். அவர்கள் எழுப்பும் ஐயவினாவுக்கு எழுத்தில் விடை சொல்ல வேண்டும். அரச நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றத்தின் ‘கோப்’ குழு துணைவேந்தர்களை அழைத்துக் கேள்வி கேட்கும். ஐந்து ஆண்டுக்கு முன் வாங்கிய ஒரு பொருள் எங்கே என்று கேட்டால், அதைக் கையேற்றவர் ஓய்வுபெற்றிருந்தாலும் கோப்பு விடை சொல்ல வேண்டும். ஆகவே அனுபவமுள்ள ஊழியர் எதையும் வாய்மொழியாக விட்டுவைப்பதில்லை. ‘கடிதம் தாங்கோ, சேர்’ என்று அவர் சொல்வது தட்டிக்கழிப்பதற்காக அல்ல, இருவரையும் காப்பாற்றுவதற்காக.

கல்விசாரா ஊழியருக்கு வருகையும் புறப்பாடும் பதிவாகும். விரிவுரையாளருக்கு அத்தகைய கண்டிப்பு இல்லை; வகுப்பும் கூட்டமும் இல்லாத வேளையை எங்கே எப்படிப் பயன்படுத்துவது என்பது அவர் பொறுப்பு. வளாகத்தின் நிரந்தர மனக்கசப்புகளில் ஒன்று இங்கேதான் முளைக்கிறது. நாலே கால் மணிக்கு விரல் வைத்துவிட்டுப் போகிறவர் கண்ணுக்கு இரண்டு மணிக்கே கார் எடுத்துப் போகிறவர் தெரிகிறார். இரவு பதினொரு மணிக்கு ஆய்வுக் கட்டுரை திருத்துகிறவரை யாரும் பார்ப்பதில்லை.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை

நாட்டில் ஆண்டுதோறும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அரச பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவாகிறார்கள். படிப்புக்குக் கட்டணம் இல்லை. கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்து இலவசக் கல்வியின் தொடர்ச்சி இது. பெரும்பாலான கற்கை நெறிகளில் 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பகிரப்படுகிறது. மன்னார் அப்படிப் பின்தங்கியவற்றில் ஒன்று. வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளை என்பதன் பொருள் ஊழியருக்கு நன்றாகத் தெரியும். பதிவு நாளில் பிள்ளையோடு தாய், தகப்பன், பெரியம்மா, கிராமத்து மாஸ்டர் எல்லோரும் வருவார்கள். விடுதிப் பொறுப்பாளரிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘பிள்ளைக்கு இங்க பயமில்லையே?’

அந்தக் கேள்வியின் பின்னால் நிற்பது பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்தும் பழக்கம் முற்றாக ஒழியவில்லை. புதுமுக மாணவர் வந்த வாரங்களில் விரிவுரையாளர்கள் முறைபோட்டு வளாகத்தையும் கன்ரீனையும் விடுதி வாசலையும் சுற்றி வருவார்கள். மாணவ ஆலோசகர், ஒழுக்காற்று அதிகாரி, விடுதிப் பொறுப்பாளர் போன்ற கடமைகள் பலவற்றைப் படிப்பிக்கும் வேலைக்கு மேலதிகமாக ஏற்பவர்களும் அவர்களே. புகார் கொடுத்த பிள்ளை மறுநாள் அதைத் திரும்பப் பெறக் கேட்கும்போது என்ன செய்வது என்பதற்குச் சுற்றறிக்கை எதுவும் முழு விடை தராது.

மகாபொல புலமைப்பரிசில் 2025இல் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்தப் பணம் பிந்தும் மாதத்தில் கன்ரீனில் சோற்றுப் பார்சல் வாங்குவோர் குறைந்து, பிளேன்ரீயும் பணிஸும் போதும் என்போர் கூடுவர். காலை விரிவுரையில் கண் சொருகும் பிள்ளையிடம் ‘சாப்பிட்டியா?’ என்று கேட்பதும் இந்த வேலைக்குள் அடக்கம்.

ஆய்வும் பதவியுயர்வும்

தகுதிகாண் விரிவுரையாளர், சிரேஷ்ட விரிவுரையாளர் தரம் இரண்டு, தரம் ஒன்று, பேராசிரியர், சிரேஷ்ட பேராசிரியர் என்பது ஏணி. நடுப்படிகள்வரை பட்டமும் சேவைக்காலமும் பெரும்பாலும் ஏற்றிவிடும். பேராசிரியர் பதவிக்கு மட்டும் தனிக் கணக்கு. ஆய்வு வெளியீடு, கற்பித்தல், நிறுவனத்துக்கும் சமூகத்துக்கும் ஆற்றிய சேவை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் புள்ளிகள் உண்டு. வெளியிலுள்ள துறை வல்லுநர்கள் மதிப்பிடுவார்கள். விண்ணப்பத்தோடு இணைக்கும் ஆவணங்கள் ஒரு பெட்டிக்குள் அடங்காது. இருபது ஆண்டுக்கு முன் ஒரு பாடசாலையில் ஆற்றிய உரைக்கும் கடிதம் தேட வேண்டும்.

உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் ஆய்வுக் கட்டுரையை எண்ணிப் பதவி தருகின்றன. சிறு வளாகத்தில் இதன் சிக்கல் கூடுதல். கருவி பழுதானால் திருத்துநர் கொழும்பிலிருந்து வரவேண்டும். ஒரே துறையில் ஆறு பேர்தான் இருந்தால் ஒருவர் தலைவர், ஒருவர் கல்வி லீவில், ஒருவர் வெளிவாரிப் பட்டப் பொறுப்பில். மிச்சம் மூவர் எல்லாப் பாடங்களையும் தாங்குவார்கள். ஆய்வுக்கு மிஞ்சுவது சனி, ஞாயிறு. இதற்குப் பதிலாகக் கிடைப்பதும் சிறிதல்ல. ஏழு ஆண்டு சேவைக்கு ஓராண்டு ‘சபாட்டிக்கல்’ லீவு உண்டு. எதை ஆராய்வது என்று யாரும் கட்டளையிடுவதில்லை. மன்னார்க் கடலின் மீனோ, வன்னிக் குளத்து நீரோ, சிறு கடன் வாங்கிய பெண்களோ, தனக்குத் தோன்றிய கேள்வியை ஆண்டுக்கணக்கில் துரத்த முடிகிற வேலைகள் நாட்டில் அதிகம் இல்லை.

சம்பளமும் போராட்டமும்

சம்பளப் பட்டியலில் அடிப்படைச் சம்பளத்தோடு கல்விசார் கொடுப்பனவு, ஆய்வுக் கொடுப்பனவு, வாழ்க்கைச் செலவுப் படி என்று பல வரிகள் இருக்கும். அந்த வரிகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு போராட்டத்தின் சுவடு. 2012 ஜூலை தொடக்கம் ஒக்டோபர் வரை ஏறத்தாழ நூறு நாள்கள் விரிவுரையாளர்கள் பணிப்புறக்கணிப்புச் செய்தார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கை அப்போதுதான் ஊர்ச்சுவர்களுக்கு வந்தது. 2024 மே மாதம் தொடங்கிக் கல்விசாரா ஊழியர்கள் இரண்டு மாதத்துக்கு மேலாக வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் இல்லாமல் பல்கலைக்கழகம் எவ்வளவு தூரம் ஓடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. விரிவுரையாளர் வந்தார்கள், நூலகமும் ஆய்வுகூடமும் பரீட்சைக் கிளையும் திறக்க ஆள் இல்லை.

2022 பொருளாதார நெருக்கடி இன்னொரு வகையில் அடித்தது. ரூபாய் வீழ்ந்தது. 2023 ஜனவரியிலிருந்து மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சம்பளத்துக்கு வரி ஏறியது. கல்வி லீவில் வெளிநாடு போன பலர் பிணைப்பணத்தைக் கட்டிவிட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் விட்ட வகுப்புகளை இங்கே இருந்தவர்கள் ஏற்றார்கள்.

நிறுத்தாமல் நடத்தியவர்கள்

வடக்கில் பல்கலைக்கழக வேலை என்றால் போர்க்காலத்தை விட்டுச் சொல்ல முடியாது. 1987 ஒக்டோபரில், அமைதி காக்க வந்த இந்தியப் படையினர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இரவில் தரையிறங்கியதோடு வளாகம் போர்க்களமாகியது. 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, எரிபொருளுக்குத் தடை. அப்போதைய துணைவேந்தர் அழகையா துரைராஜா சைக்கிளில் வேலைக்கு வந்தார். கேம்பிறிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்டு ஆகியோருடன் சேர்ந்து 1963இல் களிமண்ணின் இயல்பு பற்றி அவர் எழுதிய கட்டுரையை மண்பொறியியல் உலகம் இன்றும் மேற்கோள் காட்டுகிறது. அத்தகையவர் தன் கடைசி ஆண்டுகளை லாம்பு வெளிச்சத்தில் கோப்பு பார்ப்பதில் செலவிட்டார், 1994இல் காலமானார்.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வளாகம் ஒரே இரவில் வெறுமையானது. 1996இல் ஊழியர்கள் திரும்பி வந்து மறுபடி தொடங்கினார்கள். 2009இல் போர் முடிந்தபோது பம்பைமடு விடுதிக் கட்டடங்கள் சரணடைந்த போராளிகளுக்கான புனர்வாழ்வு நிலையமாக இருந்தன. பின்னர்தான் அவை மாணவருக்கு வந்தன. இந்த ஆண்டுகள் முழுவதும் பிந்தினாலும் பரீட்சைகள் நடந்தன, பட்டங்கள் வழங்கப்பட்டன. தவணையின் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்துக்கொண்டே இருந்தவர்கள் விரிவுரையாளர்கள் மட்டுமல்லர். எரிந்த அறையிலிருந்து மாணவர் பதிவேடுகளைத் தேடி எடுப்பதும், தட்டச்சில் பெறுபேற்றுப் பட்டியல் தயாரிப்பதும், காவலறையில் இரவிருப்பதும் அலுவலக வேலைகளாகத்தான் இருந்தன.

சேவை முடியும்போது

விரிவுரையாளர் 65 வயதுவரை சேவையில் இருக்கலாம்; கல்விசாரா ஊழியர் அதற்கு முன்னரே ஓய்வுபெறுவர். இவர்கள் அரச ஊழியரின் ஓய்வூதியத் திட்டத்துக்குள் வருவதில்லை. பல்கலைக்கழகங்களுக்கெனச் சட்டம் அமைத்த சேமலாப நிதி கைகொடுக்கும். சிறந்த சேவை செய்த பேராசிரியரைப் பேரவை தகைசார் பேராசிரியராகக் கௌரவிப்பதுண்டு. அப்பட்டம் வாழ்நாள் முழுவதும் பெயரோடு நிற்கும், சம்பளம் நிற்காது.

ஓய்வுபெறும் மாதத்தில் கடைசியாக ஒரு கோப்பு சுற்றும். நூலகத்தில் புத்தகக் கடன் இல்லை, ஆய்வுகூடத்தில் பொருள் பாக்கி இல்லை, களஞ்சியத்தில் ஏற்ற சாமான் குறைவில்லை, முற்பணம் தீர்ந்தது என்று ஒவ்வொரு பிரிவிலும் கையெழுத்து வாங்க வேண்டும். முப்பத்தைந்து ஆண்டு வேலை செய்தவர் அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி வளாகத்தை ஒருமுறை முழுவதும் சுற்றி வருகிறார். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பிளேன்ரீ. சில மேசைகளில் அவரிடம் படித்தவர்களே கையெழுத்திடுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் இவர் திட்டித்தீர்த்த கோப்பு, கடைசி நாளில் இவரை எல்லோரிடமும் விடைபெறச் செய்துவிட்டு நிதியாளர் பிரிவில் போய்ச் சேர்கிறது. அடுத்த தவணையின் நேரசூசி அதற்குள் அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும்.